பெயர் வெட்டிய மாத்திரை

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதவில்லை. சில பேர் விசாரித்தீர்களாம். ஆஸ்பத்திரியில் இருந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. எங்கள் லைனில் தைக்கிற கோமதிக்கு.

ஆம்பூரில் நான் வேலை பார்ப்பது ஷூ கம்பெனி. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற ஹால். வரிசையாக மெஷின்கள். ஒரு வரிசை ஒரு லைன். கோமதி தைப்பாள். நான் அவளுக்கு அடுத்து உட்கார்ந்து, தையல் சரியா என்று பார்த்து நூல் வெட்டுவேன். எதிர் மெஷினில் பர்வீன்.

தோலை ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை தெரியுமா உங்களுக்கு? புதிதாக வருகிறவர்களுக்குத் தலை சுற்றும். கொஞ்ச நாள் போனால் வாசனை தெரியாது. தலைவலி மட்டும் தெரியும்.

அதனால் லைனுக்கு ஒரு டப்பா. எங்களுடையது பழைய ஸ்வீட் டப்பா. டாக்டர் கொடுத்துப் பாதியில் நிறுத்திய மாத்திரை, மெடிக்கலில் வாங்கி மிஞ்சியது – எல்லாம் அதில் போகும். அட்டையாகப் போட்டால் டப்பா மூடாது. அதனால் நூல் வெட்டுகிற கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்கிப் போடுவோம். யார் வேண்டுமானாலும் போடலாம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கேட்க வேண்டாம்.

நறுக்கினால் பெயர் போய்விடும். ஒரு துண்டில் பாதி எழுத்து. இன்னொன்றில் தேதியின் வால். சிலதில் வெறும் வெள்ளித்தாள்.

எங்களுக்குப் பெயர் எதற்கு? நிறம் போதும். வெள்ளை, காய்ச்சலுக்கு. ரோஸ், உடம்பு வலிக்கு. மஞ்சள், சளிக்கு. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தெரியாது. நான் சேர்ந்தபோதே அப்படித்தான் இருந்தது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த டப்பா காலியாகி நான் பார்த்ததில்லை. யாரும் நிரப்பியும் பார்த்ததில்லை.

கோமதிக்குக் காய்ச்சல் வந்தது, சரக்கை வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்புகிற ஷிப்மென்ட் வாரத்தில். வேனில் இருந்து இறங்கும்போதே நடுக்கம். கண் சிவந்திருந்தது.

"லீவு போட்டுட்டுப் போய்ப் படுடி" என்றாள் பர்வீன்.

"ஷிப்மென்ட் வாரத்துல லீவா? சூப்பர்வைசர் என்னையும் பெட்டில போட்டு ஏத்தி அனுப்பிடுவாரு."

"அனுப்பட்டுமே. ஃபாரின் பாத்துட்டு வா."

"இன்னா மாத்திரை போட்ட?" என்று நான் கேட்டேன்.

"கிளினிக்ல குடுத்தாங்கக்கா. காலைல போட்டேன். விடல."

டப்பாவைத் திறந்தாள். ஒரு வெள்ளை எடுத்தாள். உடம்பு வலிக்குது என்று ஒரு ரோஸ். மூக்கு ஒழுகுது என்று ஒரு மஞ்சள். டீயோடு விழுங்கினாள். சாப்பாட்டைத் தொடவில்லை. வாய் கசக்கிறதாம். சாயங்காலம் மறுபடி டப்பா. வீட்டுக்குப் போய்க் கிளினிக் மாத்திரை. மறுநாளும் அதே மாதிரி. விடவில்லை என்றால் இன்னொன்று... கணக்கெல்லாம் யார் வைப்பது?

அப்புறம் ஒரு காலை, நன்றாக வந்தாள்.

நன்றாக என்றால், பயப்படுகிற மாதிரி நன்றாக. தலையில் பூ. முகத்தில் சிரிப்பு. ஹாலில் எல்லோருக்கும் வியர்த்து ஊற்றுகிறது. அவளுக்கு ஒரு சொட்டு இல்லை. மெஷின் நிற்காமல் ஓடியது. நான் அவள் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு தப்பு கிடைக்கவில்லை.

"இன்னாடி, புதுப் பொண்ணு மாதிரி கீற?" என்றாள் பர்வீன்.

"உடம்பு இருக்கறதே தெரிலக்கா. வேற யாரு உடம்போ மாதிரி லேசா இருக்குது."

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் என்னவோ போல இருந்தது. கோமதி தைக்கும்போது எதையாவது முணுமுணுப்பாள். சூப்பர்வைசரைத் திட்டுவாள். பெருமூச்சு விடுவாள். அன்றைக்கு அவள் பக்கத்தில் இருந்து ஊசிச் சத்தம் மட்டும்தான் வந்தது. ஆள் இல்லாத மெஷின் தானாக ஓடுகிற மாதிரி.

மறுநாள் வேனிலேயே வாந்தி. வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அப்போதும் கை டப்பாவுக்குத்தான் போனது. ஒரு ரோஸ்.

கொஞ்ச நேரத்தில் ஊசி விரலில் பட்டது. எங்களுக்கு அது சாதாரணம். துணியில் துடைத்துவிட்டுத் தைப்போம். அவளும் துடைத்தாள். மறுபடி வந்தது. துடைத்தாள். வந்தது. வேகமாக இல்லை. மெதுவாக, ஒரு மணி மாதிரி திரண்டு, நின்று, உருண்டு இறங்கியது. க்ரீம் கலர்த் தோலில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிக்கலக்கா" என்றாள். பக்கத்து வீட்டுச் சேதி சொல்கிற மாதிரி.

முகத்தைப் பார்த்தேன். என்னவோ நிறம் மாறியிருந்தது. ஷூவுக்கு வருகிற தோலின் நிறத்தை நாங்கள் டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்ய மாட்டோம். ஏமாற்றும். வெயிலுக்கு எடுத்துப் போய்ப் பார்ப்போம். அவளையும் அப்படித்தான் வெளியே கூட்டிப் போனேன். வெயிலில் நிறுத்தி, கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தேன்.

மஞ்சள். வெள்ளை விழி முழுக்க.

போன் போட்டதும் அவள் புருஷன் வந்துவிட்டான். கட்டட வேலைக்குப் போகிற ஆள். கையில் சிமென்ட் காயவில்லை.

"காமாலைதான் இது. விரிஞ்சிபுரம் பக்கத்துல பச்சிலை குடுக்கறாங்கக்கா. அங்க இட்டுனு போறேன்."

"ரத்தம் நிக்கல. வேலூருக்கு எடு."

"எங்க அம்மாவுக்கும் பச்சிலைதான்..."

"ரத்தம் நிக்கலன்னு சொல்றேன் இல்ல?"

அவன் வண்டி பிடிக்க ஓடினான். பர்வீன் ஓடி வந்து டப்பாவை என் பையில் திணித்தாள். "இன்னா சாப்ட்டான்னு கேப்பாங்க. பேரு கேட்டா நீ இன்னா சொல்லுவ? இதக் காட்டு."

வேலூரில் ஆஸ்பத்திரி. சின்ன வயசு டாக்டரம்மா. கேட்டார். நான் சொன்னேன். "வெள்ளை, ரோஸ், மஞ்சள்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

டப்பாவைத் திறந்து மேசையில் கொட்டினேன். புருஷன் சட்டைப் பையில் இருந்து கிளினிக் அட்டையையும் எடுத்து வைத்தான். டாக்டரம்மா துண்டுகளைத் திருப்பினார். பாதி எழுத்துக்குப் பக்கத்தில் மீதி எழுத்தை வைத்தார். பெயர்கள் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்தன.

"இந்த வெள்ளை, பாராசிட்டமால். ரோஸ்ல வலி மாத்திரையோட பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கு. சளி மாத்திரைலயும் இருக்கு. கிளினிக்ல குடுத்ததும் அதேதான்."

எனக்குப் புரியவில்லை.

"நாலு மருந்து இல்லம்மா. ஒரே மருந்து. நாலு சட்டை போட்டு வந்திருக்கு."

பிறகு கேட்டார். "நடுவுல ஒரு நாள் ரொம்ப நல்லா இருந்தாங்களா?"

"ஆமாங்க."

"அப்படித்தான் இருக்கும். ஈரல் கெட ஆரம்பிக்கும்போது சத்தம் போடாது."

சிரித்துக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, தப்பே இல்லாமல் தைத்தாளே... அந்த நேரம் உள்ளே அது நடந்துகொண்டிருந்திருக்கிறது. என் முழங்கைக்குப் பக்கத்தில்.

"பொழச்சிக்குவாளா?" என்றான் புருஷன்.

"இதுக்கு முறிவு மருந்து இருக்கு. ட்ரிப்ஸ்ல ஏத்தறோம். சீக்கிரம் வந்தா நல்லா கேக்கும். நீங்க வந்தது கொஞ்சம் லேட். ரத்தம் எடுத்து எடுத்துப் பாக்கணும். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

காத்திருந்தோம். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது. ஒவ்வொரு தடவை ரத்தம் எடுத்துப் போகும்போதும் அவன் எழுந்து நிற்பான். ஈரல் கெட்டிருக்கிற கணக்கு இன்னும் ஏறியிருக்கிறது என்பார்கள். உட்காருவான். அவள் தூங்கினாள். எழுப்பினால் என்னை யாரோ மாதிரி பார்த்தாள். ஒரு தடவை, "டார்கெட் முடிஞ்சிச்சா?" என்று கேட்டாள். முடிஞ்சிச்சு என்றேன். மறுபடி தூங்கினாள்.

ஒரு மத்தியானம் டாக்டரம்மா வேகமாக வந்தார். "இறங்குது" என்றார். அவன் அப்போதும் எழுந்து நின்றான். ஆனால் அழுதான்.

அந்தம்மா எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பாராசிட்டமால் கெட்ட மருந்து இல்லை. சொன்ன அளவில் போட்டால் காய்ச்சலுக்கும் வலிக்கும் நல்ல மருந்துதான். ஐந்நூறு மில்லிகிராமா, அறுநூற்று ஐம்பதா என்று அட்டையில் போட்டிருக்கும். பார்க்க வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் டாக்டர் சொன்ன மணி நேரம் விட வேண்டும். காய்ச்சல் விடவில்லை என்று மேலே மேலே போடக் கூடாது. டாக்டரிடம் போக வேண்டும். வயிறு காயப் போட்டுக்கொண்டு மாத்திரையிலேயே நாளை ஓட்டக் கூடாது. குடிக்கிறவர்களும் ஏற்கெனவே ஈரல் கெட்டவர்களும் கேட்காமல் தொடவே கூடாது. இன்னொன்று – என்ன காய்ச்சல் என்று தெரியாமல் வலி மாத்திரை போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியையும் கெடுக்கும். சளி மாத்திரை வாங்கினால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மெடிக்கலில் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். நாம்தான் கேட்பதில்லை. முக்கியமாக, ஜாஸ்தி போட்டுவிட்டோம் என்று தெரிந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் உடனே ஓடுங்கள். நன்றாக இருக்கிறதே என்று உட்காராதீர்கள்.

எங்கள் டப்பாவை டாக்டரம்மா திருப்பித் தரவில்லை. நான் வேலைக்குத் திரும்பிப் போனபோது அதே இடத்தில் வேறு டப்பா இருந்தது. முக்கால்வாசி நிறைந்திருந்தது. எல்லாம் நறுக்கிய துண்டுகள்.

"யாருடி வெச்சது?"

"சத்தியமா நான் இல்லக்கா" என்றாள் பர்வீன். லைன் முழுக்கக் கேட்டேன். ஒருத்தரும் இல்லை. பர்வீன் அதைத் துணியில் சுற்றி, கையில் படாமல் தூக்கிக்கொண்டு போய்க் கம்பெனி நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தாள். இப்போது அட்டையை யாரும் வெட்டுவதில்லை. நான் பார்க்கிற வரைக்கும்.

கோமதி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கண்ணில் மஞ்சள் போய் வெளுத்திருந்தது. சுவரில் சாய்ந்து இட்லி சாப்பிட்டாள். பாதிதான்.

"எப்படிடி இருக்குது?"

"எல்லா இடமும் வலிக்குதுக்கா. கை, காலு, முதுகு. உடம்பு பாரமா இருக்குது."

"சரியாப் போய்டும்."

தட்டைக் கீழே வைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "அன்னைக்கு ஒரு நாள் இருந்தேன் இல்ல... அந்த மாதிரி என் உடம்பு எப்பவுமே இருந்ததில்லக்கா. கல்யாணத்துக்கு முன்ன கூட."

சொல்லும்போது அவள் கண்ணில் பயம் இல்லை. ஆசை இருந்தது.

கிளம்பும்போது அவள் வீட்டு அலமாரியில் இருந்த மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்து வந்துவிட்டேன் – அவளைக் கேட்கவில்லை.