எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர்

போன ஞாயிறு பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் மகள் வீட்டில் இருந்தேன். என் ரத்தப் பரிசோதனைச் சீட்டை ஸ்கேன் செய்து, 'அப்பா சுகர் ரிப்போர்ட் புதுசு நிஜமாவே கடைசி' என்று ஃபைலுக்குப் பெயர் வைத்தாள். கம்ப்யூட்டர் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டது. இரண்டாம் முறை சேமித்தபோது, இதே பெயரில் ஒன்று இருக்கிறதே, அதன் மேல் எழுதட்டுமா என்று கேட்டது. அவள் படிக்காமலே தட்டிவிட்டாள்.

"என்ன கேட்டுச்சுன்னு பாத்தியா?"

"அது எப்பவும் கேக்கும்ப்பா. சும்னே டென்ஷன் ஆகாதீங்க." 'சும்மா' என்பது அவள் வாயில் கன்னடமாகத்தான் வரும்.

எனக்கு அந்தக் கேள்வி மிகவும் தாமதமாக வந்து சேர்ந்தது.

கன்டோன்மென்ட் பகுதியில் ஒரு தமிழ் வார இதழில் நான் உதவி ஆசிரியராக இருந்த காலம். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஏசி குளிரில் வெறுங்காலோடு நின்று, ஒரு கட்டுரைக்கு எட்டு எழுத்துக்குள் பெயர் யோசிப்போம். ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல். பிறகு ஒரு புள்ளி, மூன்று எழுத்து. ஏன் எட்டு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதற்கும் முன்னால் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழி வகுப்புக்குப் போயிருந்தேன். அங்கே கணக்கில் வரும் எண்ணுக்கு வைக்கும் பெயருக்கு ஆறு எழுத்துதான். அதிலும் முதல் எழுத்து I முதல் N வரை இருந்தால் அது முழு எண்ணாம். "அது அப்படித்தான், எழுதிக்கோங்க" என்றார் வாத்தியார். நான் எழுதிக்கொள்ளாமல் வகுப்பை விட்டேன். தலைப்பு வைத்துப் பிழைப்பவனுக்கு இதெல்லாம் அவமானமாகத் தோன்றியது.

தட்டச்சு செய்தவர் ஸ்டெல்லா, விவேக் நகர்க்காரர். ஃபைலுக்குப் பெயர் வைக்க அவர் ஒரு முறை வகுத்து, அட்டையில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். முதல் இரண்டு எழுத்து பக்கம், அடுத்த நான்கு தேதி, கடைசி இரண்டு எழுதியவர் யார் என்று. எனக்கு அது பேருந்து நம்பர் போல இருந்தது.

"வாய்ல நுழையிற மாதிரி பேர் வைக்கக் கூடாதா, ஸ்டெல்லா?"

"உங்க வாய்க்கு இல்ல சார், மெஷினுக்கு."

மூடிய ஒரு மில்லின் தொழிலாளர்களைப் பற்றித் தொடர் எழுதினேன். குறிப்பேட்டைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல ஸ்டெல்லா அடித்தார். ஹார்டு டிஸ்கில் இடம் குறைவு. நான் ஃப்ளாப்பியில் நகலெடுத்ததும் அவர் தன்னுடையதை அழித்துவிடுவது வழக்கம். முதல் பகுதிக்கு MILLWORKERS1 என்றும் இரண்டாவதற்கு MILLWORKERS2 என்றும் என் இஷ்டத்துக்குப் பெயர் கொடுத்து நகலெடுத்தேன்.

"காப்பி ஆச்சா சார்?"

"ஆச்சு."

அழித்தார்.

மறுநாள் ஃப்ளாப்பியில் ஒரே ஒரு பெயர் இருந்தது: MILLWORK. எட்டுக்கு மேல் இருந்ததை மெஷின் சத்தமில்லாமல் வெட்டியிருந்தது. முதல் பகுதியின் மேலேயே இரண்டாம் பகுதி உட்கார்ந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதை நான் புரிந்துகொண்டபோது ஆசிரியர் கம்ப்யூட்டர் அறைக்குள் வந்துவிட்டார். அந்த வார இதழில் இரண்டு பக்கம் காலி, திரும்ப அடிக்க நேரமும் இல்லை.

"யாரும்மா டெலீட் பண்ணது?"

"நான்தான் சார். காப்பி ஆச்சுன்னு சொன்னாரு, அப்புறம்தான் பண்ணேன்."

ஆசிரியர் என்னைப் பார்த்தார்.

"காப்பி பண்ணேன் சார்" என்றேன். பொய் இல்லை. செய்தியில் பாதியை மட்டும் சொல்வது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்டெல்லா திரையில் அந்த ஒற்றைப் பெயரைப் பார்த்தார். கணக்காக எட்டு எழுத்து. அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஃப்ளாப்பியை எடுத்து என்னிடம் நீட்டினார். திங்கட்கிழமை அவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். வாசலில் அவருடைய செருப்பு இல்லை.

அந்தக் கட்டடம் இப்போது பி.ஜி. விடுதி. இதழ் நின்று வெகுநாளாகிறது. ஃப்ளாப்பி என் மேசையில் இருக்கிறது, படிக்கக் கருவி இல்லை. எட்டெழுத்துச் சட்டமும் போய்விட்டது. ஒரு பத்தியையே பெயராக வைக்கலாம், போதாததற்குக் கம்ப்யூட்டர் கேட்டுவிட்டுத்தான் அழிக்கிறது. ஸ்டெல்லாவின் அட்டைப்படி வைத்திருந்தால் இரண்டு பகுதியும் தேதியால் பிரிந்து பிழைத்திருக்கும், கடைசி இரண்டு எழுத்து அது என் பொறுப்பு என்றும் சொல்லியிருக்கும். நான் வைத்த பெயரில் அதற்கு இடமே இல்லை.