சதாசிவம் சார் மறுபடி சோதித்த தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை தோளில் தண்ணீர் கேனோடு படியேறிக்கொண்டிருந்தேன். சதாசிவம் சாரின் மைத்துனர் எதிரே இறங்கி வந்தார். "என்னங்க, கேன் வேண்டாம்னுட்டாரா? இன்னிக்கு என்ன கலராம்?" என்று வழக்கம்போல் வம்பிழுத்தேன். அவர் சிரிக்கவில்லை. "மாமா விடியக்காலம் தவறிட்டாருங்க" என்றார். கேனைப் படியிலேயே இறக்கி வைத்துவிட்டு மேலே ஓடினேன்.

குன்னூரில் நம் மேட்டுத் தெருவில் இருக்கிற உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ராணுவத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர். கூடத்தில் பெரிய மீன் தொட்டி வைத்திருந்தார். அதில் பாசி பிடித்தால் அவருக்குச் சோறு இறங்காது. பாஸ்பேட் என்று ஒன்று உரத்திலும் சோப்புத் தூளிலும் இருக்குமாம். அது தண்ணீரில் கலந்தால் பாசி மண்டிவிடுமாம். அதனால் கண்ணாடி டியூபில் தண்ணீர் எடுத்து, இரண்டு மருந்தைச் சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் காத்திருப்பார். நீலம் ஏறினால் பாஸ்பேட் இருக்கிறது என்று அர்த்தம். நம் குழாய்த் தண்ணீர் நீலமானது. அன்றிலிருந்து மீனுக்கு என் கேன் தண்ணீர், அவருக்குக் குழாய்த் தண்ணீர். "அடுத்த சென்மத்துல உங்க ஊட்டு மீனாப் பொறக்கோணும் சார்" என்பேன். என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "நீ பொறந்தா தொட்டி பத்தாதுப்பா" என்பார்.

அது தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். பச்சை இலையைக் கேட்பாரில்லை. நான் வேலை பார்த்த ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். ஆறாம் வகுப்போடு நின்றவனை வேறு யார் கூப்பிடுவார்கள்? தண்ணீர் சுத்தம் செய்யும் பழைய மெஷின் ஒன்றைப் பிடித்து, கேன் போட ஆரம்பித்திருந்தேன். இந்தத் தெருவின் பதினேழு வீடுகளை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

ஒருநாள் என் கேன் தண்ணீரும் அவர் டியூபில் நீலமானது. மெஷின் ஒழுங்காக வடிகட்டினால் அப்படி வரக் கூடாது. கோபத்தில் பக்கத்து இரண்டு வீட்டில் சொல்லிவிட்டார்: "குழாய்த் தண்ணியப் புடிச்சு மூடி போட்டுத் தர்றானுங்க." இரண்டு வீட்டில் சொன்னது பதினேழுக்கும் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? என் கேன்கள் எல்லாம் வாசலுக்கு வெளியே வந்து நின்றன. என் வீட்டுக்காரி இலை பறிக்கப் போன எஸ்டேட்டிலும் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. என் ஆயுளில் யாரையும் கிண்டல் செய்யாமல் இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

சாருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கி வந்து சோதித்தார். அதில் எதுவுமே இருக்காது. அதுவும் நீலமானது. பிறகுதான் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் மல்லிகா அக்காவைக் கேட்டிருக்கிறார். "டியூபெல்லாம் மங்கலா இருந்துதுங்க. சோப்புத் தூள் போட்டு நல்லா வெளக்கி வெச்சேன்" என்றாராம் அக்கா. கோளாறு தண்ணீரில் இல்லை, டியூபில் ஒட்டியிருந்த சோப்பில்.

என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் சரி என்றிருப்பேன். அவர் விடவில்லை. "எந்தத் தண்ணியப் பாக்கறமோ அதுலயே டியூப மூணு தடவ அலசோணும். நான் அலசல. அவ மேல தப்பில்லப்பா" என்றார். ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு கூட வரச் சொன்னார். தூறிக்கொண்டிருந்தது. அவருக்கு மூச்சிரைப்பு வேறு. பதினேழு வீட்டுக்கும் படியேறினார். ஒவ்வொரு வாசலிலும் டியூபை அலசி, மருந்து விட்டு, ஐந்து நிமிடம் நின்றார். கடைசி வீட்டம்மா, "ஏனுங்க, எங்களுக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்? நீங்க சொன்னாப் போதுங்க" என்றார்.

"போன தடவையும் நான் சொன்னேன்னுதானுங்க கேனை வெளியில வெச்சீங்க" என்றார் சார். "இந்தத் தடவ நீங்களே பாத்துக்கோங்க."

மூன்று வீடுகள் கடைசிவரை திரும்பி வரவில்லை. மற்ற வீடுகள் வந்தன. நாங்கள் பிழைத்தோம்.

அதன்பின் எப்போதாவது திடீரென்று கேட்பார்: "பழனி, மனசுல வெச்சிருக்கியாப்பா?" "கேன்ல அடச்சு சீல் வெச்சிருக்கேன் சார்" என்பேன். சிரிப்பார். ஆனால் சில மாதம் கழித்து மறுபடியும் கேட்பார். போன மாதமும் கேட்டார். அதே பதிலைத்தான் சொன்னேன். இத்தனை வருடமாக ஒரு மனிதர் ஒரே கேள்வியைக் கேட்கிறாரே, அவருக்குப் பதில் வேண்டியிருக்கிறது என்று இந்த மண்டைக்கு ஏறவில்லை. ஊரையெல்லாம் கிண்டல் செய்யும் வாய்க்கு, நேராக ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை.

துக்கத்துக்கு வந்த நீங்கள் எல்லோரும் அவர் நேர்மையைப் பற்றி, ஒழுங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அந்த அளவுக்குப் பேசத் தெரியாது. என்னிடம் மிச்சம் இருப்பது, நனைந்த தலையோடு, டியூபைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நீலம் ஏறிவிடக் கூடாதே என்று அவர் எனக்காக நின்ற நிற்பு மட்டும்தான்.

இல்லைங்க சார். மனசுல ஒண்ணும் வெச்சுக்கல. மொத ஊட்டு வாசல்லயே போயிருச்சுங்க.