தடை தெரிந்தவர்கள்

காரைக்காலில் பிரான்ஸ் மாப்பிள்ளையை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆள் குட்டையா, வழுக்கையா என்பதெல்லாம் அப்புறம். "நேஷனாலிட்டி இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. ஜெனிட்டாவுக்குப் பார்த்த பிலோமின்ராஜுக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி இருந்தது, பாரீசில் நிரந்தர வேலை இருந்தது, போதாக்குறைக்குத் தலை நிறைய முடியும் இருந்தது.

ஜெனிட்டாவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவளே யோசித்து அவளே தலையாட்டினாள். தனியார் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் பெண், விவரம் தெரிந்தவள். செத்துப்போன அவள் அப்பா வாடகை வேன் ஓட்டியவர். வண்டி ஓடினால் வீட்டில் மீன்குழம்பு, நின்றால் ரசம். அந்த ரசத்தை மறுபடி குடிக்க அவள் தயாராக இல்லை.

சார்லஸைக் கட்டினால் ரசம்தான். அவன் ஏசி மெக்கானிக். வெயில் காலத்தில் ஆளைப் பிடிக்க முடியாது. மழை தொடங்கினால் கோயில் பாடகர் குழுவில் கீபோர்டே கதி என்று கிடப்பான். பட்டினச்சேரிப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் வருமாம், கீபோர்டை யார் வாசிப்பது என்று தட்டிக்கழித்தான் மகராசன். அவன் மேல் உயிரையே வைத்திருந்தவள் அன்றைக்குத்தான் வெறுத்துப்போய்ப் பாரீசுக்குச் சரி என்றாள்.

கோயிலில் படிக்கும் கல்யாண அறிவிப்பு ஓலையை எழுதப் போனபோது ஃபாதர் அவளைத் தனியாக உட்காரவைத்து, "முழு மனசோட சம்மதிக்கிறியாம்மா?" என்று கேட்டார். "சம்மதங்க ஃபாதர்" என்றாள். குரல்கூட நடுங்கவில்லை.

நடுக்கம் வந்தது ஞாயிற்றுக்கிழமை பூசையில். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை படிக்க வேண்டும். ஃபாதர் இருவர் பெயரையும் படித்து, "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று முடித்தார். ஜெனிட்டா கீபோர்டுப் பக்கம் பார்த்தாள். தடையை நன்றாகத் தெரிந்தவன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். குனிந்த தலை நிமிராமல், அடுத்த பாட்டை ஒரு பிசகும் இல்லாமல் வாசித்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூசை முடிந்ததும் வாசலில் மடக்கினாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? தடை இருக்குன்னு போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"நீ நல்லா இருக்கணும் ஜெனி. அதுக்குக் குறுக்க நிக்க நான் யாரு?"

"ஐஸ் கம்பெனிக்குப் போக உடம்பு வளையல, தியாகம் மட்டும் பண்ண வந்துட்டியா?"

விடுவிடுவென்று திரும்பிக் கோயிலுக்குள் போனாள். பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஃபாதர் முன்னால் நின்றாள்.

"தடை இருக்குங்க ஃபாதர்."

"யாரும்மா சொன்னது?"

"நான்தான் சொல்றேன். பொண்ணுக்குச் சம்மதமில்ல."

அன்றே பிலோமின்ராஜுக்கும் அவளே போன் போட்டுச் சொன்னாள். "ஓலை படிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க" என்றான். நியாயம்தான். அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள்.

அம்மா அந்தோணிமேரி அழவில்லை, கத்தினாள். "பாரீசு வேணாங்கிற! நாளைக்கு மழையில என்னத்தடி திம்ப?"

"என் சம்பாத்தியத்தைத் திம்பேன். அவனையும் சம்பாதிக்க வச்சுத் திம்பேன்."

சொன்னபடியே சார்லஸிடம் கறாராகப் பேசினாள். ஐஸ் கம்பெனியில் ஒரு மழைக்காலம் முழுக்க நிலைத்து நின்றால் ஓலை, இல்லையென்றால் அவன் கீபோர்டையே கட்டிக்கொள்ளட்டும். மறுநாளே போய்ச் சேர்ந்தான். முதலில் முனகினான். பிறகு முனக நேரமில்லை.

மழைக்காலம் போய், மறுபடி ஜெனிட்டாவின் பெயர் கோயிலில் படிக்கப்பட்டது. கீபோர்டில் பள்ளிக்கூடப் பெண்ணொருத்தி தப்புத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தாள். சார்லஸுக்கு அன்றைக்கு ஷிப்ட்.

"தடை ஏதும் தெரிந்தவர்கள்..." என்று ஃபாதர் வந்ததும், அந்தோணிமேரிக்குப் பொல்லாத இருமல் பிடித்துக்கொண்டது. மொத்தக் கோயிலும் திரும்பியது. ஃபாதர் படிப்பதை நிறுத்தினார். ஜெனிட்டா அம்மாவையே பார்த்தாள்.

அந்தோணிமேரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"வெறும் இருமல்தாங்க ஃபாதர். நீங்க படிங்க."