பதிலாள் நடக்க முடியாத தூரம்

இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் அவளுக்கு ‘அலாரம்’ என்று பெயர். நெஞ்சைப் பிளந்து தைக்கப்பட்டவர்களை மறுநாளே எழுப்பி நிற்க வைக்கும் இயன்முறை மருத்துவர் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறாள். “புண்ணு காயறதுக்குள்ள உசுர வாங்குறாளே!” என்று திட்டாத நோயாளி கிடையாது. திட்டுகிற அளவுக்கு மூச்சு வந்ததே என்று அவள் சந்தோஷப்பட்டுக்கொள்வாள்.

படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், காய்ச்சல் வரும். இது படிக்காதவருக்குக்கூடப் புரிகிறது. பொது வார்டில் இருந்த பெயின்டர், மூன்றாம் நாளே நெஞ்சு நீர் வடியும் குழாய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவின் கோடி வரை போய்வந்தார். அதே நாளில் அறுவை நடந்து, இப்போது தனியறையில் இருந்த மரக்கடை முதலாளி, கட்டிலிலிருந்து காலைக்கூடத் தொங்கவிடவில்லை.

“எங்கப்பா விரலை அசைச்சா பத்து பேர் ஓடுவாங்க. அவரு எதுக்கு நடக்கணும்?” என்றான் மகன்.

மூச்சை இழுத்துப் பந்து ஏற்றும் பிளாஸ்டிக் கருவியைப் பயன்படுத்தினாரா என்று கேட்டாள்.

“அது ஆச்சு மேடம். அப்பாவுக்கு வலிக்குதுன்னு நானே இழுத்துட்டேன். மூணு பந்தும் ஒரே மூச்சுல மேல!”

“அப்ப உங்க நுரையீரல் பிரமாதம் தம்பி. உங்களை வீட்டுக்கு அனுப்பிடலாம்.”

நடைப் படிவத்தில் ‘நான்கு சுற்று’ என்று எழுதியிருந்தது. முதலாளியின் மைத்துனர் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து நான்கு முறை தள்ளிவந்திருக்கிறார். “சுத்தினது சுத்தினதுதானே?” என்றார் அந்த மேதை.

அவள் முதலாளியின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். வலது அடிப்பக்கத்தில் காற்றுப் போகும் சத்தமே இல்லை. உடம்பு கொதித்தது. “இன்னைக்கே இவரு நிக்கணும்” என்றாள். குடும்பம் நேரே மருத்துவமனை நிர்வாகியிடம் போய் நின்றது.

“பெரிய இடம்மா, மனசு நோகாம பார்த்துக்குங்க. படிவத்துல ஒரு கையெழுத்தப் போட்டுட்டு விடுங்களேன்” என்றார் நிர்வாகி.

“நான் பார்க்காத நடைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

ஏழையை எழுப்ப யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பணக்காரனைச் சாகக் கிடத்துவதற்கு மட்டும் சிபாரிசு வருகிறது. மரியாதை என்று அதற்குப் பெயர்!

நான்காம் நாள் காலை முதலாளிக்கு ஆக்சிஜனைக் கூட்ட வேண்டியிருந்தது. இப்படியே போனால் மறுபடி குழாய் செருகி, மூச்சு இயந்திரத்தில் போட வேண்டும் என்றார் பணியிலிருந்த மருத்துவர். மகன் அழுதான். மைத்துனர் இன்னும் மெத்தென்ற தலையணை வேண்டும் என்றார்.

முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினார். “எல்லாரும் வெளிய போங்கடா” என்று உறவை விரட்டிவிட்டு, மூச்சிரைக்கக் கேட்டார்: “ஏம்மா, செத்துருவேனா?”

“இப்படியே கிடந்தா அதுவும் நடக்கும் ஐயா.”

“வேற வழி... யாராவது ஆளை வச்சு...”

“இதுக்கு ஆள் கிடைக்காது. நீங்கதான்.”

தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னாள். தைத்த நெஞ்செலும்பு விலகிவிடாதபடி கையை ஊன்றவிடவில்லை. ஒருக்களிக்க வைத்து, காலைக் கீழே இறக்கி, தொடையில் பலம் கொடுத்து எழச் செய்தாள். நின்றதும் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. “துப்புங்க!” கெட்டியான மஞ்சள் சளி வந்து விழுந்தது. பிறகு கதவு வரை ஏழு அடி. முதலாளி, வாழ்நாளில் முதல் முறையாக யாரையும் ஏவாமல் ஒரு வேலையை முடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து குழந்தைபோல் விம்மினார்.

தினமும் நான்கு வேளை நடந்தார். நடக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஒரு வாரத்தில் வீட்டுக்குக் கிளம்பினார்.

லிஃப்ட் வாசலில் மகன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: “அப்பாவை நாங்க அசையவே விடலை. அதான் பொழைச்சாரு.” நிர்வாகி தலையாட்டினார்.

அவள் முதலாளியைப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்வதற்கும் ஆள் வைத்துப் பழகியவர், பாவம்.