கடைசி ஆளின் மணி

கொட்டகலையில் நாங்கள் ஐந்து பேர். நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட மாஸ்டர். லீவு கிடைத்தால் போதும், கியர் இல்லாத கனத்த சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மலையேறிவிடுவோம். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று கடைவீதியில் கிண்டல் செய்வார்கள். எங்களுக்கு அதுவும் பெருமைதான்.

பனிமூட்டத்தில் இறங்கும்போது முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒவ்வொரு வளைவிலும் முதல் ஆள் மணியடிப்பார். பின்னால் வருகிறவர்கள் ஒருவர்பின் ஒருவராக அடிக்க வேண்டும். ஐந்து மணி கேட்காவிட்டால் எல்லோரும் நின்று, திரும்ப மேலே ஏறித் தேட வேண்டும்.

ஒருமுறை வலப்பனை வரை போய், மறுநாள் திரும்பிக்கொண்டிருந்தோம். நானுஓயா தாண்டி இறங்கும்போது பட்டப்பகலிலேயே பனி கண்ணைக் கட்டியது. நான் நாலாவது. எனக்குப் பின்னால், கடைசியாக, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த நண்பன்.

ஒரு வளைவில் என் மணிக்குப் பிறகு சத்தமே இல்லை. விரல் விறைத்திருக்கும், சோம்பேறி, என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், மறுபடி அந்த ஏற்றத்தில் ஏற எனக்குத் தெம்பில்லை. அவனுக்காக நானே இன்னொரு தடவை அடித்தேன். அடுத்த வளைவிலும் அடித்தேன். மூன்றாவது வளைவில் நான் கட்டைவிரலை வைக்கும் முன்பே பின்னாலிருந்து மணி கேட்டது. அப்பாடா என்றிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பின் அந்த மணி ஒரு வளைவிலும் தவறவில்லை.

தலவாக்கலையில் இறங்கி நின்றபோது நாங்கள் நாலு பேர்தான் இருந்தோம்.

ஒரு லொறியைப் பிடித்து, வளைவு வளைவாகத் தேடிக்கொண்டே மேலே போனோம். மணி கேட்காத அந்த முதல் வளைவுக்குக் கீழே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அவன் கிடந்தான். கால் முறிந்திருந்தது. கைகள் இரண்டும் சைக்கிளுக்கு அடியில் சிக்கியிருந்தன. மற்றவர்கள் கயிறு தேடிப் போன நேரத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

“ஒங்க மணி ரெண்டு தடவ அடிச்சிச்சு மாஸ்டர். நான் கீழ கெடந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அவன்மேல் கிடந்த சைக்கிளைத் தூக்கக் குனிந்தேன். “அப்புறம் நீ அடிச்சியே?” என்றேன்.

“கை மாட்டிக்கிட்டுக் கெடக்கே மாஸ்டர். எப்புடி அடிக்கிறது?”

அவன் என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. கால் தேறி வந்த பிறகு, முதல் பயணத்தன்று மட்டும் சொன்னான்: “இனிமே நீங்க கடைசியா வாங்க மாஸ்டர்.”

அன்றிலிருந்து நான்தான் கடைசி. பனி இறங்கிவிட்டால், என் மணிக்குப் பிறகு எனக்குப் பின்னால் இன்னொரு மணி கேட்கும். நான்தான் விளையாடுகிறேன் என்று முன்னால் போகிறவர்கள் திட்டுவார்கள். அவன் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டான்.