கேட்டில் சொன்ன வயசு

செய்தி வந்தபோது நான் ஒரு சப்-இன்ஸ்பெக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கில் சிக்கிய சிறுவனை இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அழைத்து வரும் போலீஸ்காரர் சீருடையில் வரக்கூடாது என்பது சட்டம். அவர் தொப்பியும் லத்தியுமாக வந்து நின்றார். இப்படி ரத்தம் கொதிக்கும்போதெல்லாம் நான் ஜைத்தூன் அக்காவுக்குத்தான் போன் போடுவேன். என் கத்தலை முழுசாகக் கேட்டுவிட்டு, "முடிஞ்சிச்சா? இப்ப போய் தண்ணி குடி" என்பார். அன்றும் போட்டேன். எடுத்தது அவருடைய மகன். "உம்மா காலைல மௌத்தாயிட்டாங்க மாமா" என்றான். எதிரில் சப்-இன்ஸ்பெக்டர் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். அக்கா இறந்துவிட்டார் என்பதைத் தவிர எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

திருவள்ளூர் பக்கம் சிறுவர் வழக்குகளோடு புழங்கிய எல்லோருக்கும் அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் நன்னடத்தை அலுவலர். ஒரு சிறுவன் பிடிபட்டால் அவன் வீட்டுக்குப் போய், தெருவில் விசாரித்து, அவன் எப்படிப்பட்டவன், ஏன் இப்படி ஆனான் என்று குழுமத்துக்குச் சொல்வது அவர் வேலை. நான் இலவச சட்ட உதவி வக்கீல். பழவேற்காட்டில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்த குடும்பம் அக்காவுடையது. பெண்ணை டீச்சராக்க வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டார்களாம். அதைப் பற்றிக் கேட்டால், "நல்ல புள்ளைங்களுக்கு நெறைய டீச்சர் கீறாங்க. இதுங்களுக்கு யாரு கீறா?" என்று சிரிப்பார்.

குழுமத்தில் கடைநிலை ஊழியர் ஒருவர் இருந்தார். அதற்கு முன் பெரிய கோர்ட்டில் வேலை பார்த்தவர். அந்தப் பழக்கத்தில் வராந்தாவில் நின்று சிறுவனின் பெயரை மூன்று முறை உரக்கக் கூவுவார். சிறுவனின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பது சட்டம். கூவுவது தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். அக்கா அவரிடம் கோபிக்கவில்லை. "அண்ணே, உங்க தொண்டை பாவம், உடுங்க" என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து தானே எழுந்து போய், பையனின் தோளைத் தொட்டு "வாப்பா, உள்ள போலாம்" என்று கூட்டிவருவார். ஆகவே இங்கே நான் சொல்லப்போகிற பையனின் பெயரை எழுதவில்லை. அவனைத் தம்பி என்றே சொல்கிறேன். எழுதினால் அக்கா என்னை மன்னிக்க மாட்டார்.

தம்பியின் அம்மா கன்னியம்மா. கடலோரக் குப்பத்தில் பிறந்து, புருஷன் செத்தபிறகு பிழைப்புக்குக் கும்மிடிப்பூண்டி வந்தவர். ஒரு கம்பெனியில் பெருக்கும் வேலை. எட்டாவதோடு பள்ளியை விட்ட மகனையும் ஓர் இரும்புக் கம்பெனியில் சேர்க்கக் காண்ட்ராக்டர் முன்வந்தார். ஒரே நிபந்தனை: கம்பெனி கேட்டில் வயசு கேட்டால் பதினெட்டு முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அம்மாவும் மகனும் அதை மனப்பாடம் செய்தார்கள்; அவன் வேலையில் சேர்ந்தான். அந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்குக் கேட்டில் ஒரு வயசு, வீட்டில் ஒரு வயசு.

பிறகு ஒருநாள், தன்னைவிட மூத்த இரண்டு பேரோடு தம்பி பைக்கில் போனான். ஓட்டியது அவன். பின்னால் இருந்தவர்கள் ஷிப்ட் முடிந்து நடந்துபோன ஒரு தொழிலாளியின் செல்போனைப் பறித்தார்கள். அந்த மனிதர் கீழே விழுந்து மண்டை உடைந்தது. தம்பி செய்தது தப்புதான்; அக்காவும் அதைக் குறைத்துச் சொன்னதில்லை. காவல் நிலையத்தில் கன்னியம்மாவிடம் பையனுக்கு வயசு என்ன என்று கேட்டார்கள். அவர் யோசிக்கவே இல்லை. "பதினெட்டு முடிஞ்சிச்சு சார்" என்றார். குறைத்துச் சொன்னால் கம்பெனிக்குத் தெரிந்து மகன் வேலை போய்விடுமே என்பதுதான் அந்த நேரத்திலும் அவருடைய பயம். பிள்ளை பெரியவர்கள் ஜெயிலுக்குப் போனான்.

வேறொரு பையனைப் பற்றி விசாரிக்க அக்கா அந்தக் காலனிக்குப் போயிருந்தார். கன்னியம்மா வழிமறித்து, "எம் புள்ளையும் உள்ள கீறான்மா. அவனுக்கு எப்ப வருவீங்க?" என்று கேட்டிருக்கிறார். வயசு கேட்டதும் அதே மனப்பாடம். அக்கா திண்டாடவில்லை, அதட்டவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "சுனாமி வந்தப்ப இவன் எவ்ளோ பெரிசு?" என்று கேட்டார். பழவேற்காட்டுக்காரருக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும். "அப்ப ஏதும்மா அவன்? வயித்துல இல்ல இருந்தான். அவன வயித்துல வெச்சிக்கினுதானே ஓடுனேன்" என்றார் கன்னியம்மா. கணக்குப் போட்டால் பதினேழுகூட நிறையவில்லை.

அக்கா அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார். பள்ளியில் சான்றிதழ் வாங்கி மனு போட்டோம். வாய்தா மேல் வாய்தா. கடைசியில் அரசு வக்கீல் கன்னியம்மாவைக் கூண்டில் நிறுத்தி, "அப்ப போலீஸ்ல ஏம்மா பொய் சொன்னே?" என்று கேட்டார். "கேட்டுல அப்டித்தான் சார் சொல்லணும்னாங்க" என்றார் அந்த அம்மா. எந்த கேட் என்று ஒருவரும் கேட்கவில்லை. தம்பி சிறுவன்தான் என்று உத்தரவானது.

ஜெயித்துவிட்டோம் என்று நான் குதித்தேன். சிறுவர்களுக்கான கூர்நோக்கு இல்லத்துக்கு மாற்றப்பட்ட அவனைப் பார்த்தபிறகு அடங்கிவிட்டேன். அறைக்குள் யார் நுழைந்தாலும் சட்டென்று குத்துக்காலிட்டு, தலையைக் குனிந்துகொண்டான். ஜெயிலில் ஆள் எண்ண வரும்போது அப்படித்தான் உட்கார வேண்டுமாம். "எந்திரிப்பா, இங்க யாரும் எண்ண மாட்டாங்க" என்று அக்கா அவனைத் தூக்கி நிறுத்தினார். அடுத்த ஆள் வந்ததும் மறுபடி உட்கார்ந்தான். வெளியே வந்து அக்கா மரத்தடியில் நின்று அழுதார். "நாம நேரத்துக்குப் போவலப்பா" என்று மட்டும் சொன்னார். எனக்கும் அழுகை வந்தது.

இல்லத்திலிருந்து வெளியே வந்தவனுக்கு அக்கா பொன்னேரியில் ஒரு மெக்கானிக் கடையில் வேலை வாங்கிக் கொடுத்தார். நல்ல கை என்று முதலாளி சொன்னார். கொஞ்ச நாள்தான். ஜெயிலில் பழக்கமானவர்கள் தேடி வந்துவிட்டார்கள். போகாதே என்று அக்கா கெஞ்சியதற்கு அவன் சொன்ன பதிலை அவரால் கடைசிவரை மறக்க முடியவில்லை. "உள்ள என்ன அவங்கதான் மேடம் பாத்துக்கினாங்க. அடி உழாம காப்பாத்துனாங்க. கூப்ட்டா எப்டி போவாம இருக்கறது?" நம் பிள்ளைக்கு நன்றி விசுவாசம் இருந்தது. அதை அவன் யாருக்குக் காட்டும்படி நாம் வைத்தோம் என்பதுதான் கொடுமை.

அடுத்து அவன் பிடிபட்டது கொலை வழக்கில். கன்னியம்மாதான் அக்காவுக்குத் தகவல் சொன்னார். "ஸ்டேசன்ல வயசு கேட்டாங்கம்மா. பதினெட்டு முடிஞ்சிச்சுன்னேன். இந்த வாட்டி நெஜந்தான்மா" என்றாராம். இனி அவன் அக்காவின் அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாதவன். ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டுவிட்டு வந்து, போலீஸ் வேன் நிற்கும் இடத்தில் வெயிலில் நிற்பார். பேச விடமாட்டார்கள். அவன் இறங்கும்போது ஒரு முறை பார்ப்பான், அவ்வளவுதான். எதற்கக்கா இது என்று கேட்டேன். "பெரியவனாயிட்டான்னு சட்டம் சொல்லுது. நான் இன்னும் சொல்லல" என்றார்.

பழவேற்காட்டில் அவரை அடக்கம் செய்தோம். மாரடைப்பு என்றார்கள். ஓய்வு பெற இன்னும் வருஷங்கள் இருந்தன. கன்னியம்மா பந்தலில் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "இனிமே வாய்தாவுக்கு யாரு சார் வருவா?" என்றார். நான் வருகிறேன் என்றேன்.

போன வாய்தாவுக்குப் போனேன். வேனிலிருந்து தம்பி இறங்கினான். தாடி வைத்திருந்தான், தோள் அகன்றிருந்தது. வழக்கமான இடத்தைப் பார்த்தான். அங்கே நான் நின்றேன். எனக்குப் பின்னால் தேடினான். அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. காவலர் நல்ல மனிதர், ஒரு நிமிஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சொன்னேன்.

அவன் குனிந்து தன் கையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, "என்னாலயா சார்?" என்று கேட்டான்.

"இல்லப்பா" என்றேன். உண்மையா என்று எனக்குத் தெரியாது. அக்கா இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தன்னால்தானோ என்று பயந்து கேட்பது பிள்ளைகள்தான். அவன் பெரியவனாகிவிட்டான் என்று அக்கா கடைசிவரை சொல்ல மறுத்தது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது வேன் நிற்கும் அந்த இடமும், தாடி வைத்த அந்தப் பிள்ளையும். அடுத்த வாய்தா வரும் மாதம். போவேன்.