ஆரோக்கிய மாமா ராணியாக இருந்த காலம்

ரோஸ் பவுடரும் வியர்வையும் பெட்ரோமாக்ஸ் புகையும் கலந்த வாசனை எங்கிருந்தாவது வந்தால், அண்ணனூரில் எங்கள் காலனி மைதானத்துக் கிறிஸ்துமஸ் நாடகத் திரை மெதுவாக விலகுவதுபோல் எனக்கு இன்றும் ஒரு மயக்கம் வந்துவிடும். வருடா வருடம் ஒரே நாடகம்தான், கோட்டையை மீட்கும் வீரராணி. ராணியாக நடித்தவர் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்த ஆரோக்கிய மாமா. ஆசை மீசையை மழித்துவிட்டு, சரிகைப் புடவையும் அட்டைக் கத்தியுமாக வந்து அவர் கர்ஜித்தால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும். "பொம்பளன்னா இப்டி இருக்கணும்!" என்று பெண்களே சொல்லிக்கொள்வார்கள். அவர் ஆம்பளை என்பது அந்த நேரத்தில் யாருக்கும், சத்தியமாக எனக்கும், நினைவில் இருக்காது.

எனக்குப் பத்து வயதானபோது நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். தெருக்குழாய்க்காக நகராட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்த அம்மாவைத் தெருக்காரர்கள் நிற்கச் சொன்னார்கள். அம்மாவுக்கு மெல்லிய குரல். மனு எழுதுவதில் மட்டும் கெட்டிக்காரி. ஜெயித்தால் குழாய் வந்துவிடும் என்று மனதார நம்பினாள், தூக்கத்தில்கூடத் தெருத்தெருவாகக் குழாய் போட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கூட்டம் அதே மைதானத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் முன்வரிசையில், பாயில். அம்மா நூல் புடவையில் வந்து, எந்தத் தெருவுக்கு எத்தனை அடி பைப் வேண்டும் என்று தாளைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள். கூட்டம் நெளிந்தது. "இன்னாக்கா, ரேஷன் லிஸ்ட்டா படிக்கிறே? நம்ம ராணி மாதிரி கர்ஜிக்க வாணாமா?" என்று ஒருவர் கத்த, சிரிப்பு பரவியது. ஆரோக்கிய மாமா, பாவம், உதவுவதாக நினைத்து வீட்டுக்கு ஓடிப்போய் அந்த அட்டைக் கத்தியை எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டினார். "தூக்கிப் புட்ச்சு ஒரு சவுண்டு வுடும்மா, அப்பால பாரு!"

"கத்தி! கத்தி!" என்று மைதானமே கூவியது. ஐயோ, நானும் கூவினேன், எல்லோரையும்விடச் சத்தமாக. என் அம்மா ராணியாகிவிட மாட்டாளா என்று அவ்வளவு ஏக்கம், ஆகாததில் அவ்வளவு அவமானம். அம்மா கத்தியை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து படித்தாள். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

எதிர்த்து நின்ற பெண்மணியைச் சுவரெங்கும் குதிரைமேல் வாளோடு வரைந்திருந்தார்கள். அவர் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை; பேசியதெல்லாம் அவர் கணவர்தான். அந்தப் பெண்மணியே ஜெயித்தார். மறுநாள் காலை அம்மா குடத்தோடு தண்ணீர் லாரி வரிசையில் நின்றாள். அதற்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை.

மைதானம் இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடி வீடுகள். நாடகமும் இல்லை, ஆரோக்கிய மாமாவும் இல்லை. வானகரத்தில் நான் குடியிருக்கும் பகுதியில், போன மாதம் என்னைக் கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கச் சொன்னார்கள். சொன்ன கையோடு, "கொஞ்சம் கம்பீரமா பேசணும் மேடம்" என்றும் சொன்னார்கள். அம்மாவிடம் போய்க் கேட்டேன். சுகர் மாத்திரையை விழுங்கி, தண்ணீர் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"தாராளமா நில்லு. ஒம் பொண்ண மட்டும் முன்வரிசைல குந்த வெக்காத."

அத்தனை கூச்சலில் என் குரல் தனியாகக் கேட்டிருக்காது என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.